கரிசல் காட்டில் எழுபது லிட்டர் கடல்

அருப்புக்கோட்டையிலிருந்து கடல் அப்படியொன்றும் தூரமில்லை. வரைபடத்தில் அடிக்கோலை வைத்து அளந்தால் வேம்பார் கரை அறுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு ஓடும் குண்டாறு, தண்ணீர் வருகிற ஆண்டுகளில், மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவில்தான் போய் விழுகிறது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த வளைகுடாவில் 21 தீவுகள்; அவற்றைச் சுற்றி 117 வகைக் கல்பவளங்கள். இங்கே கண்மாய் வெடித்துக் கிடக்கும் சித்திரையில், அங்கே கோமாளிமீன் கடற்சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் கடலில் ஓர் எழுபது லிட்டரை நம் வீட்டுக் கூடத்தில் நிறுத்திவைக்க முடியுமா? கூட்டுக்குடிநீர் எப்போது வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில் இது கொஞ்சம் திமிரான ஆசைதான். ஆனாலும் முடியும். கடல்மீன் வளர்ப்பவர்கள் ‘ஆல் இன் ஒன்’ என்று சொல்லும் தொட்டி இதற்குத் தோதானது. மீன் நீந்தும் இடம், அழுக்கெடுக்கும் வடிகட்டி, தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பு எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள். பின்பக்கம் ஒரு கருப்புத் தடுப்பு. அதற்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே மூன்று அங்குலச் சந்து. கடலின் வேலைகள் பலவும் அந்தச் சந்துக்குள்தான் நடக்கின்றன. அதோடு, வறண்ட ஊர்க்காரருக்கு இந்த விஷயத்தில் கடலோரத்தாருக்குக் கிடைக்காத ஒரு சலுகையும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2001 முதல் எல்லாக் கல்பவளங்களும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே பட்டியல். கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டையையும் அதில் சேர்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் வருடக்கணக்கில் கொண்டுபோனார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. ஆகவே நாம் கட்டப்போவது பவளம் இல்லாத பவளத்திட்டு. பாறை, பாசி, நுண்ணுயிர், பண்ணையில் பிறந்த மீன், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இதில் ஒன்றும் குறைந்துவிடாது. திட்டின் வேடிக்கையில் பாதி, கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் நடத்துவது.

கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். எட்டு மில்லிமீட்டர் கண்ணாடியில் இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கண்ணாடி மட்டுமே இருபது கிலோ வரும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி, கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் தண்ணீர் சுமார் எழுபது லிட்டர். முன்பக்கக் கண்ணாடியை இந்தத் தண்ணீர் தள்ளும் விசை 34 கிலோ எடைக்குச் சமம். தொட்டியின் அகலத்தை இரண்டு மடங்காக்கித் தண்ணீரையும் இரண்டு மடங்கு ஊற்றிப் பாருங்கள். முன்கண்ணாடிக்கு அதே 34 கிலோதான். உயரத்தை இரண்டு மடங்காக்கினாலோ விசை நான்கு மடங்காகிவிடும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணாடிக்குப் பொருட்டே இல்லை, எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு. கண்மாய்க்கரையை அடியில் பருமனாகவும் மேலே ஒடுங்கியும் போட்ட பழைய ஆட்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கத்திலேயே இருந்தது.

இந்த 34 கிலோவையும் தாங்குவது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத சிலிகான் பசை. குழாயைப் பிதுக்கியதும் காடி வாடை மூக்கில் ஏறும். அது அசிட்டிக் அமிலம். இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. ஈரம் உள்ளே போகப் போக அமில வாடை வெளியே வருகிறது. சிலிகானுக்கும் கண்ணாடிக்கும் உள்ளே சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த ஒரே வகைச் சங்கிலி இருப்பதால் இரண்டும் மூலக்கூறு மட்டத்திலேயே கைகோத்துக்கொள்கின்றன. நம் ஊர்க் கோடையில் காற்றில் ஈரம் குறைவு என்பதால் பசை இறுக நேரம் பிடிக்கும். ஐப்பசி மழையில் ஒட்டினால் சீக்கிரம் ஆகும்; பங்குனியில் ஒட்டுபவர் வாடை முழுதாகப் போகும்வரை, ஒரு வாரமாவது, தண்ணீர் விடாமல் பொறுக்க வேண்டும். குளியலறைக்கென்று பூஞ்சைக்கொல்லி கலந்து விற்கும் சிலிகானை மட்டும் தொடக் கூடாது. பூஞ்சையைக் கொல்வது மற்றதையும் கொல்லும்.

இனி அந்தச் சந்து. கருப்புத் தடுப்பின் மேல்விளிம்பில் சீப்புப்பல் போல வெட்டியிருக்கும். மீன் இருக்கும் பக்கத்தின் மேல்மட்டத் தண்ணீர் அந்தப் பற்களின் வழியே வழிந்து சந்துக்குள் விழும். எண்ணெய்ப் படலமும் தூசும் மேலேதான் மிதக்கும் என்பதால் முதலில் அவைதான் வடிகின்றன. சந்து மூன்று அறைகள். முதல் அறையில் பஞ்சு. அடுத்ததில் நுரை எடுக்கும் கருவி. மூன்றாவதில் பம்பு. அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புகளில் ஒன்றுக்கு அடியில் இடைவெளி, அடுத்ததற்கு மேலே. தண்ணீர் ஒன்றின் அடியில் நுழைந்து அடுத்ததன் மேலே ஏறி வரவேண்டும். இறங்கும் தண்ணீரோடு காற்றுக்குமிழி இறங்க மறுத்து மேலே ஏறிவிடுகிறது. அதனால் கடைசி அறைக்குக் குமிழி இல்லாத தண்ணீர் மட்டும் வருகிறது. மணிக்கு 700 லிட்டர் தள்ளும் சின்ன பம்பு அதை மறுபடி முன்னால் அனுப்புகிறது. ஒரு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் பத்து முறை சுற்றிவிடும். மின்சாரம் போனால்? சீப்புப்பல் மட்டம்வரை ஒரு லிட்டர் போலச் சந்துக்குள் வடியும், அதோடு சரி. தரையில் ஒரு சொட்டு விழாது.

இந்த அமைப்பில் ஒரு கண்கட்டு இருக்கிறது. தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆனால் முன்பக்க மட்டம் குறையவே குறையாது. சீப்புப்பல்லின் உயரம்தான் அங்கே மட்டத்தைத் தீர்மானிக்கிறது. பம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. குறைவு முழுவதும் கடைசி அறையின் தலையில் விழுகிறது. அந்த அறையின் பரப்பு ஆறங்குலத்துக்கு மூன்றங்குலம். கோடை நாளில் ஒன்றரை லிட்டர் ஆவியாகப் போனால் அங்கே மட்டம் ஐந்து அங்குலம் இறங்கிவிடும். கூடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும்; பின்னால் பம்பு காற்றை உறிஞ்சிக் கரகரவென்று சத்தம் போடும்போதுதான் விஷயம் தெரியும்.

தண்ணீர் போனாலும் உப்பு போவதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. எழுபது லிட்டரில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் ஏழு லிட்டர் போனால், அதே இரண்டரைக் கிலோ 63 லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு 39 கிராம். தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளில் நடப்பது இதன் நீட்சிதான். ஆக, இழந்த இடத்தை நிரப்பவேண்டியது உப்புநீரால் இல்லை, நல்ல தண்ணீரால். ஏர் கூலரில் இருக்குமே மிதவை வால்வு, அதில் சின்னதாக ஒன்றைக் கடைசி அறையில் பொருத்தி, மேலே ஒரு கேனிலிருந்து குழாய் விட்டால் போதும். மட்டம் இறங்கினால் திறக்கும், ஏறினால் அடைக்கும். ஆனால் உப்புத்தண்ணீர் பட்டுக் காயும் இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும். வால்வின் மூட்டிலும் பூத்துத் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். அதனால் கேன் பத்து லிட்டருக்கு மேல் வேண்டாம். முழுவதும் இறங்கினாலும் மேலே விட்ட இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். உப்பு 31 கிராமுக்குக் கொஞ்சம் கீழே போகும், மீன் தாங்கிக்கொள்ளும்.

சலுகை என்று சொன்னது இப்போது. பவளத்திட்டு உயிர்களுக்கு 25 முதல் 28 டிகிரி சுகம். 31 டிகிரியை ஒட்டி வெப்பம் நீடித்தால் பவளம் தன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் ஆயிற்று. கூடத்தில் 38 டிகிரி அடிக்கும்போது தொட்டியை எப்படிக் குளிரவைப்பது? குளிரூட்டி வேண்டாம். தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஊதும்படி ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் வைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், மீதியுள்ள எழுபது லிட்டரை எட்டு டிகிரி குளிரவைக்கும் அளவு. வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் முழு எட்டும் கிடைக்காது. ஒரு பகுதி கிடைக்கும். மண்பானை செய்யும் அதே வேலை.

இந்தக் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எந்த அளவில் போய் நிற்கிறதோ அதற்குக் கீழே போகாது; இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். 38 டிகிரி வெயில், காற்றில் 30 சதவீத ஈரப்பதம் என்று திருச்சுழிப் பக்கத்து மதியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் 24 டிகிரி. கடலோரத்தில் 34 டிகிரிதான் வெயில், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம். அங்கே ஈரக்குமிழ் 29ஐத் தாண்டிவிடும். அதாவது நாலு டிகிரி கூடுதல் வெயிலில் காயும் கரிசல்காட்டுக்காரர் சொற்ப மின்சாரத்தில் ஓடும் ஃபேனை வைத்துச் சமாளிப்பார். கடற்கரையில் வீடு வைத்திருப்பவர் குளிரூட்டி வாங்க வேண்டும். கடல்வாழ் உயிரை வளர்க்கக் கடலைவிட்டுத் தள்ளியிருப்பது வசதி என்பது எனக்கு இன்னும் சிரிப்பு மூட்டுகிறது.

நல்ல தண்ணீர் என்றதும் இங்கே எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். போர்வெல் தண்ணீரின் உவர்ப்பும் கடினத்தன்மையும் வேட்டி வெளுப்பவருக்கே தெரியும். தொட்டிக்கு அது ஆகாது. அதிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டாத பாசிக்குத் தீனி. குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆகவே ஆர்.ஓ. எந்திரம். உப்பு அயனி நுழைய முடியாத சவ்வின் வழியே தண்ணீரை மட்டும் அழுத்தித் தள்ளும் வேலை அது. வீட்டு எந்திரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ருசிக்காகப் பழைய தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடும் ஒரு சின்னத் திருகு, டி.டி.எஸ். கன்ட்ரோலர். அதை முழுதாக மூடிவிட வேண்டும். கழிவாக வரும் தண்ணீரைப் பாத்திரம் துலக்க வைத்துக்கொள்ளுங்கள். கீழே விட்டால் வீட்டில் சண்டை வரும், வரவும் வேண்டும்.

உப்புக்கு வருவோம். 1909இல் மெரினாவில் திறந்த கடல்மீன் காட்சியகத்துக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. நமக்குப் பக்கத்தில் இருப்பது தூத்துக்குடி உப்பு. அதையே தண்ணீரில் கரைத்தால் கடல் ஆகிவிடாதா? ஆகாது. உப்பளம் கடலைப் பிரித்துவைக்கும் இடம். கடல்நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் படியும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டியபிறகு சாப்பாட்டு உப்பு படியும். மக்னீசியம் எதிலும் சேராமல் கடைசிக் கசப்பு நீரில் நின்றுவிடும். அந்தக் கசப்பு நீரை உப்பளத்தார் வடித்துவிடுவார்கள். தொட்டிக்காரருக்கோ அதுவும் வேண்டும்: லிட்டருக்கு மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம். இவற்றைக் கணக்காகக் கலந்த உப்பு சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் கிடைக்கிறது.

இப்படி ஒரே கலவை எல்லாக் கடலுக்கும் பொருந்துவது எப்படி? 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் சோதித்தார். 1884இல் வெளிவந்த முடிவு இது: உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம், உப்புக்குள் இருக்கும் முக்கியப் பொருட்களின் விகிதம் மட்டும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. கடல்கள் அவ்வளவு நன்றாகக் கலந்திருக்கின்றன. அந்த விகிதம்தான் இன்று பாலித்தீன் பையில் கிடைக்கிறது.

அடுத்து பாறை. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. பவளத்தின் எலும்பும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியல்படி ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். அப்படியானால் அந்தக் கல்லில் இரண்டைத் தூக்கி வைத்துவிடலாமே? வைக்கலாம், பயனில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, பூமிக்குள் வெந்து அழுந்தி, படிகமாக இறுகிய கல் அது. துளையே கிடையாது. நமக்குத் துளைகள்தான் வேண்டும்.

பந்தல்குடிக் கல் வேறு வழியில் தொட்டிக்குள் வரும்: சிமெண்டாக. ஒரு பங்கு சிமெண்ட், கோழித்தீவனத்துக்கு விற்கும் நொறுக்கிய கிளிஞ்சல் இரண்டு பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்துக் கொட்டி, விரலால் குகையும் வளைவும் வைத்து விட்டுவிட வேண்டும். இறுகியபிறகு தண்ணீரில் போட்டால் கல் உப்பு கரைந்து வெளியேறும். உப்பு இருந்த இடமெல்லாம் துளை. உடைத்துப் பார்த்தால் உள்ளே கடற்பஞ்சு மாதிரி இருக்கும். புது சிமெண்டின் காரம் கசிந்து தண்ணீரின் பி.எச். 12ஐத் தொடும், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, 9க்குக் கீழே வரும்வரை சில வாரம் காத்திருக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மீன் வெந்துபோகும்.

துளைகள் யாருக்கு? மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சேர்ந்தாலே மீனுக்கு ஆபத்து. ஒருவகைப் பாக்டீரியா இந்த அம்மோனியாவை உண்டு நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை எடுத்து அத்தனை கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும். இரண்டு கட்டமும் சேர்ந்ததுதான் நைட்ரேட்டாக்கம். வயிற்றில் வாழும் பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவையோ அரை நாள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிகள். அதனால்தான் மீனே இல்லாத தொட்டியில், துளி அம்மோனியா விட்டு, நாலிலிருந்து ஆறு வாரம் அவற்றை வளர்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். விளக்கு எரிகிறது, தண்ணீர் பளிங்காக இருக்கிறது, இன்னும் ஏன் மீன் விடக் கூடாது என்று வீட்டார் கேட்பார்கள்.

கல்லின் மேல்தோலில் இந்தக் கூட்டம். உள்துளைகளுக்குப் போகப் போக ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே மூன்றாவது கூட்டம் குடியிருக்கிறது. ஆக்சிஜனுக்குத் தவித்து, நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனைப் பிய்த்தெடுத்துச் சுவாசிக்கும். மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும், நாம் மூச்சிழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் அதே நைட்ரஜன். காலையில் மீன் தின்ற தீனியின் ஒரு பகுதி இப்படிக் கூடத்துக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒரே கல்லின் தோலிலும் வயிற்றிலும் நேர்எதிரான இரண்டு தொழில்கள்.

மீதியைப் பாசி பார்த்துக்கொள்ளும். மண்டபம் பக்கம் கஞ்சிப்பாசி என்று சொல்லும் சிவப்புப் பாசி நைட்ரேட்டை உண்டு வளரும். கடல் திராட்சை இன்னும் விசித்திரம். பச்சை மணிகள் கொத்துக்கொத்தாக, கொடி ஓடி, அடியில் வேர் போன்ற நூல்களும் விட்டு, பார்ப்பதற்குத் தோட்டத்துச் செடியேதான். ஆனால் அந்தக் கொடி முழுவதும் ஒரே ஓர் உயிரணு. நடுவே சுவரே இல்லை. பல உட்கருக்கள் ஒரே குழம்பில் மிதந்துகொண்டு ஒரு முழச் செடியை நடத்துகின்றன. வெறுங்கண்ணால், நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஓர் உயிரணுவைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? வளர்ப்பவரிடம் வாங்கிய பாசியாக இருக்க வேண்டும், தேசியப் பூங்காவிலிருந்து பறித்ததாக இருக்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நுரை எடுக்கும் கருவியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்று கடையில் கேட்கலாம். குழாயும் தண்ணீர் பாட்டிலும் வைத்து வீட்டிலும் செய்யலாம். தண்ணீருக்குள் மிக நுண்ணிய காற்றுக்குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. மீனின் சளி, தீனியின் எண்ணெய் போன்ற கழிவு மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். வெறுக்கும் முனை காற்றுக்குமிழியைக் கண்டதும் அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு மேலே போய்விடும். மேலே கிண்ணத்தில் ஒரு வாரத்தில் சேரும் பழுப்புச் சாறு மூக்கைப் பிடிக்க வைக்கும். அது தொட்டியில் அழுகியிருக்க வேண்டியது. இதே கருவியை நல்ல தண்ணீரில் போட்டால் சரியாக வேலை செய்யாது. நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிதாகி ஓடிவிடும். உப்புத்தண்ணீரில் மோதினாலும் சேராமல் பால் மாதிரி பொடியாகவே நிற்கும். அலை உடையும் இடத்தில் கடல் வெளுத்து நுரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உப்பு ஏன் குமிழிகளைச் சேரவிடாமல் தடுக்கிறது என்று இயற்பியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வாதாடாத விஷயம் ஆக்சிஜன். ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான கடல்நீரில் ஏழுகூட இல்லை. நாற்பதில் ஒரு பங்கு. மின்சாரம் நாலு மணி நேரம் போனால் இந்தக் கையிருப்பு கரையத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வது அதனால்தான். மின்சாரமே வராத காலத்திலும் ஒருவர் இதைச் சமாளித்திருக்கிறார். 1846இல் அன்னா தின் என்ற பிரிட்டிஷ் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களைச் சாடியில் லண்டனுக்குக் கொண்டுபோனார். திறந்த சன்னலருகே நின்று, பாத்திரத்துக்குப் பாத்திரம் அந்தக் கடல்நீரை உயரத் தூக்கி ஊற்றும் வேலை வீட்டுப் பணிப்பெண்ணுக்கு. ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி நேரம். பவளங்கள் பிழைத்தன. நாம் டீ ஆற்றுவது போலக் கடலை ஆற்றியிருக்கிறார்கள்.

இனி சுண்ணாம்பு. சிமெண்ட்கல்லின் மேல் சில மாதங்களில் ஊதாப் புள்ளிகள் படரத் தொடங்கும். சுண்ணாம்பைத் தோலாகப் போர்த்திக்கொள்ளும் பாசி அது. நத்தையும் குழாய்ப்புழுவும் ஓடு கட்டும். எல்லாம் தண்ணீரிலிருக்கும் கால்சியத்திலிருந்துதான். எழுபது லிட்டரில் இருக்கும் மொத்தக் கால்சியம் 29 கிராம், கைப்பிடியில் அடங்கும். குறைந்ததை ஈடுகட்டப் பீட்டர் வில்கென்ஸ் என்ற ஐரோப்பிய மீன் வளர்ப்பாளர் பரப்பிய வழி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு; லிட்டருக்கு ஒன்றரைக் கிராம் அளவுதான் கரையும், மீதி அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். பெட்டிக்கடைச் சுண்ணாம்பு வேண்டாம், சுத்தமானதாக வாங்குங்கள். இரவில், சொட்டுச் சொட்டாக, குளுக்கோஸ் ஏற்றும் குழாயின் சக்கரத்தைத் திருகி விட வேண்டும். இருட்டில் பாசி கரியமில வாயுவை இழுக்காது, தண்ணீர் சற்று அமிலப் பக்கம் சாயும். சுண்ணாம்பின் காரம் அதற்குச் சரியாகிவிடும். நம் ஊரில் ஆவியாதல் அதிகம் என்பதால் நிரப்பும் தண்ணீர் முழுவதையும் சுண்ணாம்புத் தண்ணீராக விட்டால் அளவு மீறிவிடும். ஐரோப்பியரின் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாத இடம் இது.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் மீன். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் மண்டபம் மையத்தில் கோமாளிமீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியது. கடலில் பிடித்த மீனைவிடப் பண்ணைக் குஞ்சு நூறு மடங்கு மேல்: தீனி தின்னப் பழகியிருக்கும், கண்ணாடியைக் கண்டு மிரளாது. ஆக்சிஜன் அடைத்த பையில் ராமநாதபுரம், பரமக்குடி வழியாகச் சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆணா பெண்ணா என்று கேட்டு வாங்க முடியாது. இந்த இனத்தில் பிறவிப் பெண் கிடையாது. இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால் சில மாதங்களில் பெரியது பெண்ணாகிவிடும், சிறியது ஆணாக நிற்கும். பெண் இறந்துபோனால் அந்த ஆண் பெண்ணாக மாறும்.

ஜோடி சேர்ந்தபின் ஓர் ஓட்டுச் சில்லைச் சாய்த்து வைத்தால் அதை இரண்டும் சேர்ந்து நாள்கணக்கில் வாயால் துலக்கும். பிறகு ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள். தகப்பன்தான் காவல், செட்டையால் விசிறிக்கொண்டே இருப்பான். ஒரு வாரம் கழித்து, முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மின்னத் தொடங்கியபின், விளக்கணைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் குஞ்சுகள் வெளியே வரும். அவற்றின் வாய்க்குள் நுழையும் அளவில் இருக்கும் இரை ரோட்டிஃபர், கால் மில்லிமீட்டர்கூட வராத ஒரு நுண்ணுயிர். ரோட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. அந்த நுண்பாசி வளரும் பச்சைத் தண்ணீருக்கு இன்னொரு தொட்டி கட்ட வேண்டும்.